முந்நூத்தி இருபது கிரெயின்

உக்காருங்க அண்ணாச்சி. அந்த நாற்காலி வேண்டாம், அதுல ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. காப்பி நான் போட்டது, சீனி கூடக்குறைய இருந்தா ஒண்ணும் சொல்லாம குடிச்சிருங்க. வீட்டுல லோகநாயகி இல்ல. என் சம்சாரம். மக வீட்டுக்குப் போயி இன்னையோட எட்டு நாளாச்சு. மக ஆங்கரேஜ்ல இருக்கா, இங்கேருந்து கார்ல நாலு மணி நேரம். வர்ற ஞாயித்துக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து. தாத்தாக்காரன் நான் இங்கன உக்காந்து உங்களுக்குக் காப்பி ஆத்திக்கிட்டு இருக்கேன். ஏன்னு கேளுங்க. கேக்க வேண்டாம், நானே சொல்லுதேன். நீங்க கேட்டு வந்த கேள்விக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு.

நீங்க என்ன கேட்டிய? ஆத்துக்கு மீன் பிடிக்கப் போகணும், கரடி நடமாடுத எடம், அதுக்குன்னு நாப்பத்தி நாலு மேக்னம் ரிவால்வர் ஒண்ணு வாங்கியாச்சு, அதுல என்ன குண்டு போடணும். எடை கூடினதா குறைஞ்சதா, மூக்கு தட்டையா இருக்கணுமா குழிஞ்சு இருக்கணுமா. நல்ல கேள்வி. அலாஸ்காவுல இந்த மூலையில தமிழ்ல இதக் கேக்கணும்னா என்கிட்டதான் வரணும். உங்க மின்சார நிலையத்துல எவனோ சரியாத்தான் அனுப்பி வச்சிருக்கான். சொர்ணலிங்கத்தப் போயிப் பாருங்கன்னானா? சொல்லுவான். கூடவே என்னப் பத்தி வேற என்னென்ன சொன்னானோ. சொல்லட்டும். ஊரு வாய்க்கு நான் என்ன பூட்டா வாங்கிப் போட முடியும்?

கேட்டுக்கிடுங்க. தோட்டான்னா முழுசு. பித்தளைக் குப்பி, உள்ள மருந்து, மூக்குல குண்டு. அந்தக் குண்டு இருக்கே, அதுதான் எல்லாம். கடையில பளபளன்னு செம்புச் சட்டை போட்டு டப்பாவுல அடுக்கி விக்கான் பாருங்க, மூக்குல குழி வச்சு, இரநூத்தி நாப்பது கிரெயின். கிரெயின்னா நம்ம ஊரு ஆசாரி தங்கத்துக்குக் குன்றிமணி போட்டு நிறுப்பாருல்ல, அதுல பாதி எடை. அந்தக் குழி மூக்கு உடம்புல பட்ட உடனே பூவா விரியும். மனுசனுக்கும் மானுக்கும் அது சரி. கரடிக்கு அது எதுக்கு ஆகும்? நாலு விரக்கடை கொழுப்பு, அதுக்கு உள்ள கட்டை கட்டையா எலும்பு. விரிஞ்ச குண்டு கொழுப்புலயே நின்னுக்கிடும். உருண்டை மூக்கு போட்டா எலும்புல பட்டு வழுக்கிக்கிட்டுப் போயிரும். தட்டை மூக்கு, கெட்டி ஈயம், எடை முந்நூத்தி இருபது. அதுதான் நேரா உள்ள போயி மறுபக்கம் வரும். நான் சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லல. பழைய பேப்பரக் கட்டுக்கட்டா தண்ணியில நனைச்சு வரிசையா அடுக்கிச் சுட்டுப் பாத்தவன் நான். கடைக் குண்டு பதினாலு அங்குலத்துல நின்னுச்சு. என்னுது முப்பத்தெட்டு அங்குலம் தாண்டிப் பின்னாடி கெடந்த பலகையில போயிக் குத்துச்சு.

என்னுதுன்னா என்னுதுதான். நான் வார்த்தது. கோவில்பட்டியில தீப்பெட்டி மெசின் செய்யுத பட்டறையில பதினஞ்சு வயசுல லேத்துல நின்னவன் நான். அப்புறம் சிங்கப்பூர்ல கப்பல் பட்டறை, அப்புறம் இங்க மீன் டப்பா ஆலையில மெசின் பகுதி, இருவத்தி ரெண்டு வருசம். குண்டு வார்க்குத அச்சக்கூட நானே பித்தளையில கடைஞ்சேன். டயர் கடையில சக்கரத்துல ஒட்டியிருக்க ஈயத்த வாங்கிட்டு வந்து உருக்கி, ஈயம் கெட்டிப்படுததுக்கு அந்திமனி, வெள்ளீயம் எல்லாம் எவ்வளவு சேக்கணுமோ அளந்து சேத்து, ஊத்தி, ஆற வச்சு, ஒவ்வொண்ணா நிறுத்து, அரைக் கிரெயின் வித்தியாசம் இருந்தாலும் மறுபடி சட்டியில போட்டு உருக்கிருவேன். என் குண்டுல குத்தம் கண்டுபிடிச்சவன் இந்த ஊருல எவனும் கெடையாது. வெள்ளைக்காரனே வந்து கேட்டு வாங்கிட்டுப் போவான். அப்பேர்ப்பட்டவன் வீட்டுலதான் இந்தக் கூத்து.

எனக்கு ஒரே மக. மங்கையர்க்கரசி. மங்கை மங்கைன்னு கூப்பிடுவோம். மாப்பிள்ள இளவழகன், தர்மபுரிப் பக்கம். ஆங்கரேஜ்ல ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் வேலை. நல்ல மனுசன்தான், நான் இல்லைன்னு சொல்லல. சத்தம் போட்டுப் பேச மாட்டாரு. எதக் கேட்டாலும் "சரிங்க மாமா". சாப்பாட்டுல உப்பு இல்லைன்னாக்கூட லோகநாயகி கேட்டாத்தான் சொல்லுவாரு. எனக்கு அது ஆரம்பத்துலருந்தே பிடிக்காது. ஆம்பளைன்னா வேணும்னா வேணும்னு சொல்லணும், வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லணும். மனசுக்குள்ள வச்சுக்கிட்டுச் சிரிச்சா எதுக்கால இருக்கவனுக்கு என்ன தெரியும்?

தலைத்தீபாவளிக்கு வந்தாங்க. நம்ம பக்கம் மாப்பிள்ளைக்கு என்ன போடுவோம்? மோதிரம், சங்கிலி. மோதிரத்த வச்சுக்கிட்டு இந்தக் காட்டுல என்ன பண்ணுதது? நான் ரிவால்வர் போட்டேன். நாப்பத்தி நாலு மேக்னம். அதுலயும் என்னுது மாதிரி ஒண்ணரைக் கிலோ இரும்பு இல்ல. புது மாதிரி, ஏதோ மெல்லிசு உலோகத்துல செஞ்சது, முக்காக் கிலோ கூட வராது. இடுப்புல இருக்கதே தெரியாது. கம்ப்யூட்டர்க்காரரு, கனத்தத் தூக்கிக்கிட்டு அலைய மாட்டாருன்னு பாத்துப் பாத்து வாங்குனேன். வெத்தலை பாக்கு, வேட்டி சட்டையோட தாம்பாளத்துல வச்சுக் குடுத்தேன். கூடவே நானே வார்த்து அடைச்ச தோட்டா அம்பது. முந்நூத்தி இருபது கிரெயின், தட்டை மூக்கு. மாப்பிள்ளைக்குக் குடுக்கது ஒசத்தியா இருக்கணும்ல அண்ணாச்சி? மூணாந்தரத்தக் குடுத்தா நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்க.

இந்த மங்கை இருக்காளே, துப்பாக்கி கூட வந்த புஸ்தகத்தப் பிரிச்சு வச்சுக்கிட்டு வாசிக்கா. "அப்பா, எடை கூடின ஈயக் குண்டு இதுல போடக் கூடாதுன்னு போட்டிருக்கு"ன்னா. நான் சொன்னேன், "அது கேசுக்குப் பயந்து கம்பெனிக்காரன் எழுதுதது தாயி. காப்பி டம்ளர்லகூடத்தான் சூடா இருக்கும்னு எழுதியிருக்கான்." அதுக்கு மாப்பிள்ள சிரிச்சாரு. மறுப்பு ஒண்ணும் சொல்லல. அதையும் நீங்க ஞாபகம் வச்சுக்கிடணும். அன்னைக்கே அந்த மனுசன், "மாமா, எனக்கு இது வேண்டாம்"னு சொல்லியிருந்தா கதை அங்கனயே முடிஞ்சிருக்கும்ல?

மறுநா கல்குவாரிக்குக் கூட்டிட்டுப் போனேன், சுட்டுப் பழக. நான் மொதல்லயே அந்தத் துப்பாக்கியில ஒவ்வொரு தோட்டாவாப் போட்டுச் சுட்டு, வேகம் எல்லாம் குறிச்சு வச்சிருந்தேன். தங்கமா வேலை செஞ்சுது. அவரு கையில குடுத்தேன். ஒண்ணு சுட்டாரு. துப்பாக்கி அப்படியே எழும்பி நெத்தி வரைக்கும் வந்துருச்சு. கட்டை விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல தோல் கிழிஞ்சு ரத்தம். லேசான துப்பாக்கி, கனமான குண்டு, ஒதை இருக்கத்தான் செய்யும். கைக்குட்டையச் சுத்திக்கிட்டு ரொம்ப மரியாதையாக் கேட்டாரு, "மாமா, கொஞ்சம் லேசாப் போட்டுத் தர முடியுமா?"

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. வருசக் கணக்கா மெனக்கெட்டுக் கண்டுபிடிச்ச குண்டு. ஒரு வெடி வெடிச்சுட்டு லேசாப் போட்டுத் தாங்கன்னா? "பழகிரும் மாப்பிள்ள"ன்னேன். "சரிங்க மாமா"ன்னாரு. பாத்தியளா, மறுபடியும் சரிங்க மாமா. அன்னைக்கு அந்த ஒரு வெடியோட நிறுத்திட்டு வீட்டுக்கு வந்துட்டோம். லோகநாயகி மஞ்சள் வச்சுக் கட்டி விட்டா. மாப்பிள்ள கையப் பிடிச்சுக்கிட்டு என்னைய ஒரு முறை முறைச்சா, நான்தான் கடிச்சு வச்ச மாதிரி.

போன வருசம் ஆடி மாசம், கடல் மீன் ஆத்துல ஏறுத சமயம். ரெண்டு பேரும் வந்தாங்க. மங்கைக்கு அப்ப அஞ்சு மாசம். தண்ணியில எறங்க மாட்டேன், கரையில உக்காந்து வேடிக்கை பாக்கேன்னு சொன்னா. லோகநாயகி வேண்டாம்னா. நான்தான் "நான் இருக்கேன், மாப்பிள்ள இருக்காரு, என்ன பயம்"னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். போறதுக்கு முந்தி, மாப்பிள்ள குளிக்கப் போயிருக்காரு. அவரு பெல்ட்டும் உறையும் கதவுல தொங்குது. சும்மா எடுத்துப் பாத்தேன். சிலிண்டரத் தொறந்தா உள்ள ஆறும் கடைத் தோட்டா. செம்புச் சட்டை, குழி மூக்கு, இரநூத்தி நாப்பது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமக் கடையில போயி வாங்கி ரொப்பி வச்சிருக்காரு.

அவரு பெட்டியத் தொறந்து பாத்தேன் அண்ணாச்சி. நான் குடுத்த அம்பதுல நாப்பத்தொம்பது அப்படியே டப்பாவோட பெட்டியில கெடக்கு. மாமனார் குடுத்தது வேண்டாம், கடையில விக்குதது வேணும். சரி, அது என் கௌரவம், அத விடுங்க. வயித்துப் பிள்ளையோட என் மக வாரா. அவ கூட நிக்குத ஆளு இடுப்புல என்ன இருக்கணும்னு எனக்குத் தெரியாதா? பேப்பர்க் கட்டுல பதினாலு அங்குலத்துல நிக்குத குண்டா? அந்த ஆறையும் உருவி என் கோட்டுப் பையில போட்டேன். என் டப்பாவுலருந்து ஆறு எடுத்துப் போட்டேன். சிலிண்டர மூடி உறையில வச்சுட்டேன். மாத்துனேன்தான். நல்லதுக்குத்தான் மாத்துனேன். அவர்கிட்ட சொல்லல. சொன்னா மறுபடி "சரிங்க மாமா"ன்னுட்டு ஆத்தங்கரையில போயி மாத்திக்கிடுவாரு. அதான் சொல்லல.

பத்து மணி இருக்கும். எனக்கு ரெண்டு மீன், அவருக்கு மூணு. கயித்துல கோத்துத் தண்ணி ஓரமாக் கட்டிப் போட்டிருந்தோம். மங்கை பசிக்குதுன்னா. டிபன் கேரியர் வண்டியில இருந்துச்சு, ஒரு முந்நூறு தப்படி தள்ளி, மேட்டு மேல. நான்தான் எடுத்துட்டு வாரேன்னு போனேன். வண்டிக் கதவத் தொறக்கேன், ஒரு வெடிச் சத்தம்.

ஒண்ணு. அடுத்தது வரும்னு நிக்கேன். வரல. பொறவு என் மக கத்துன சத்தம்தான் வந்துச்சு.

இடுப்பு வரைக்கும் ரப்பர் பூட்சு போட்டுக்கிட்டு, அம்பத்தேழு வயசுல, எப்படி ஓடுனேன்னு எனக்கே தெரியல. போயிப் பாத்தா மாப்பிள்ள குப்புறக் கெடக்காரு. கரடி அவரு வலது தோளக் கவ்விக்கிட்டு இழுக்குது. மங்கை அந்த வயித்தோட நின்னு கல்ல எடுத்து எறியுதா. நான் விலாவப் பாத்து ஒண்ணு விட்டேன். ஒரே ஒண்ணு, என் துப்பாக்கியில, என் குண்டு. பத்தெட்டு நடந்துச்சு கரடி, உக்காந்துச்சு, சாஞ்சிருச்சு. பொறவு கரடிய அறுத்துப் பாத்த வனத்துறை அதிகாரி சொன்னான், இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வந்திருக்குன்னு. நான் என்ன சொன்னேன்? முந்நூத்தி இருபது, தட்டை மூக்கு. சொன்னேனா இல்லையா?

அப்ப மாப்பிள்ள என்ன பண்ணுனாரு? அதத்தான கேக்கிய. கரடி மீனுக்குத்தான் வந்திருக்கு. மங்கை நடுவுல உக்காந்திருந்தா. இவரு அவளத் தள்ளி விட்டுட்டு முன்னால போயி நின்னு, மொதல் குண்டத் தரையில சுட்டிருக்காரு. பயமுறுத்த. ஏன், கரடி என்ன படிச்சிருக்கா, சத்தத்தக் கேட்டு மன்னிப்புக் கேட்டுட்டுப் போறதுக்கு? அது நேரா வந்துச்சு. ரெண்டாவது குண்ட அது நெஞ்சப் பாத்துக் குறி வச்சாராம். விசைய இழுத்தாராம். நகரலையாம். சிலிண்டர் சுத்தலையாம். ரெண்டு கையையும் சேத்து இழுத்தாராம், நகரவே இல்லையாம். அதுக்குள்ள மேல விழுந்துருச்சு.

ஆஸ்பத்திரிக்கு ஹெலிகாப்டர்ல கொண்டு போனாங்க. மூணு ஆபரேசன். உயிருக்கு ஒண்ணும் இல்ல. வலது கை தோளுக்கு மேல ஏறாது, கனம் தூக்க முடியாது. பிள்ளைய இடது கையிலதான் தூக்குதாராம். போட்டோவுல பாத்தேன். நேர்ல பாக்கல. பதினோரு மாசம் ஆச்சு பிள்ளைக்கு, நேர்ல பாக்கல.

ரெண்டாம் நாளு ஒரு போலீஸ்காரன் ஆஸ்பத்திரிக்கு வந்தான், துப்பாக்கியப் பிளாஸ்டிக் பையில போட்டு எடுத்துக்கிட்டு. சின்ன வயசு, மீசை இப்பத்தான் மொளைச்சிருக்கு. எனக்குப் பாடம் எடுக்கான். துப்பாக்கி ரொம்ப லேசாம், குண்டு ரொம்பக் கனமாம். மொத வெடி வெடிச்ச ஒதையில துப்பாக்கி வெடுக்குன்னு பின்னால போகும்போது மிச்சத் தோட்டாவுல இருக்க கனமான குண்டெல்லாம் குப்பியில இருந்து முன்னால நழுவிருமாம். ரெண்டாவது குண்டு சிலிண்டருக்கு வெளிய ஒரு நெல்லு அளவு எட்டிப் பாத்துக்கிட்டு நின்னுருக்கு, அது துப்பாக்கிச் சட்டத்துல தட்டித்தான் சிலிண்டர் சுத்தலைன்னான். குப்பியோட வாய இன்னும் இறுக்கி மடிச்சிருக்கணும்னான். என் மடிப்பச் சொல்லுதான். நாப்பது வருசம் லேத்துல நின்னவன் மடிப்பச் சொல்லுதான். எத்தன தோட்டா நான் அடைச்சிருக்கேன், ஒண்ணு நழுவியிருக்கா? என் துப்பாக்கியில ஒண்ணு நழுவியிருக்கா? அதே துப்பாக்கியில நான் சுட்டுப் பாத்தப்ப எதாச்சும் ஆச்சா? ஒவ்வொண்ணாப் போட்டுத்தான் சுட்டேன், இருந்தாலும் ஆச்சா? கையில இறுக்கிப் பிடிக்கத் தெரியாமப் பிடிச்சா எதுதான் நகராது? தொள தொளன்னு பிடிச்சிருப்பாரு. நான் சொல்லுதேன், அதுதான் காரணம்.

பொறவு அந்தப் போலீஸ்காரன் கேட்டான், "இந்தத் தோட்டாவ யாரு போட்டது?"

நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிக்கேன். மங்கை இந்தப் பக்கம். லோகநாயகி கதவுகிட்ட. மாப்பிள்ள கண்ணத் தொறந்து என்னைய ஒரு தடவ பாத்தாரு. அவனப் பாத்துச் சொன்னாரு, "நான்தான் போட்டேன். எங்கிட்ட ரெண்டு வகை இருந்துச்சு. நானே எடுத்துப் போட்டேன்."

அவரே சொல்லிட்டாரு அண்ணாச்சி. நான் சொல்லச் சொல்லல. அவரு வாயால, போலீஸ்காரன் எழுதிக்கிடும்போது சொல்லிட்டாரு. பொறவு நான் எதுக்கு நடுவுல போயி வாயக் குடுக்கணும்? அவன் எழுதுனான், எழுதி முடிச்சான், போயிட்டான். யாரு கேட்டாலும் நானும் அதத்தான் சொல்லுதேன். மாப்பிள்ளதான் போட்டாரு, எழுத்துலயே இருக்கு. ஊருல கேட்டான், சொன்னேன். தமிழ்ச் சங்கத்துல கேட்டாங்க, சொன்னேன். துப்பாக்கி பிடிக்கத் தெரியாத மனுசனுக்குக் குடுத்தது என் தப்புன்னு சொன்னேன். அவ்வளவு தூரம் பழிய நானும் ஏத்துக்கிட்டேன்.

அதோட போயிருக்கணும். போகல. என் கோட்டெல்லாம் ரத்தம். அத ஊற வைக்கிறதுக்கு மங்கை எடுத்திருக்கா. பையில கலகலன்னுருக்கு. கைய விட்டா ஆறு கடைத் தோட்டா. அவ என் மக, அவளுக்குக் கணக்குச் சொல்லித் தரணுமா? அவரு போயி வாங்குன கடைக்குக் கூடப் போனவளே அவதான். உள்ளங்கையில வச்சு என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனா. "அப்பா, இது எப்படி உங்க பையில வந்துச்சு?"

"வந்துச்சு, இப்ப என்ன?"ன்னேன். கோவம் வந்துருச்சு எனக்கு. பெத்த அப்பனப் போலீஸ்காரன் மாதிரி நிக்க வச்சுக் கேள்வி கேக்கா. அவ அழல, கத்தல. "அவரு உங்களுக்காகப் பொய் சொன்னாரு. அது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்கிட்ட போயி, மாத்துனது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லிட்டு வீட்டுக்குள்ள வாங்க. சொல்லாம வராதிய"ன்னுட்டுப் போனவதான்.

நான் கேக்கேன், நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. மாத்துனது யாருன்னு அவருக்குத் தெரியாதா? கடைத் தோட்டாவப் போட்டவரு அவரு. சுட்டப்ப கை ஒதறுன ஒதறல்லயே தெரிஞ்சிருக்கும் அது யாரு குண்டுன்னு. தெரிஞ்ச விஷயத்த நான் எதுக்குப் போயி வாயால சொல்லணும்? மாமனாரு மாப்பிள்ள முன்னால போயி நின்னு, தலையச் சொறிஞ்சுக்கிட்டு, நான்தான் மாப்பிள்ள மாத்துனேன், மன்னிச்சுக்கிடுங்கன்னு? எந்த ஊரு வழக்கம் அது? நம்ம பக்கம் எந்த மாமனாராவது செஞ்சிருக்கானா? அவளுக்கு அந்தப் பிடிவாதம் எங்கேருந்து வந்துச்சுன்னே எனக்கு வெளங்கல.

பிரசவத்துக்கு லோகநாயகி மட்டும் போனா. மூணு மாசம் இருந்துட்டு வந்தா. வந்ததுலருந்து என்கிட்ட சாப்பாடு வைக்க, மருந்து எடுத்துத் தர, அதுக்குத்தான் பேச்சு. இந்த மனுசன் இருக்காரே, மாப்பிள்ள, அவரு அதுக்கு மேல. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை போன் பண்ணுதாரு. "மாமா, நல்லா இருக்கியளா, குளிரு எப்படி"ன்னு. ஒரு தடவையாவது அதப் பத்திக் கேக்கணுமே. கேட்டா நான் பதில் சொல்லுவேன்ல? சண்டை போட்டா நானும் போடுவேன். ஒண்ணும் கெடையாது. அதே "சரிங்க மாமா"தான். எனக்கு அந்தப் போன வச்ச பொறவு சோறு எறங்காது. ஒரு மனுசன் இவ்வளவு மரியாதையா இருக்கது நல்லதில்ல அண்ணாச்சி, அது என்னையக் கொல்லுது.

போன வாரம் பண்ணுனாரு. "பாப்பாவுக்குக் காது குத்தணும் மாமா. மங்கைக்கு அண்ணன் தம்பி இல்ல. தாய்மாமன் எடத்துல நீங்கதான் மடியில வச்சுக்கிடணும். நீங்க வரணும்"னாரு. பின்னால மங்கை குரல் கேக்கு, "அவருக்குத் தெரியும் எப்படி வரணும்னு, நீங்க போன வைங்க." அன்னைக்கே லோகநாயகி பெட்டியக் கட்டிட்டா. "நீங்க வாயத் தொறந்தா வாங்க. இல்லைன்னா இந்த ஈயச் சட்டியக் கட்டிக்கிட்டு இங்கனயே கெடங்க. பிள்ளைய மடியில வைக்க மடி இருக்கு, சொல்லுததுக்கு வாய் இல்லையா?"ன்னுட்டுப் பஸ் ஏறிட்டா. முப்பத்தோரு வருசம் குடும்பம் நடத்துனவ.

நான் சொல்ல மாட்டேன். என் குண்டுல குத்தம் இல்ல. பேப்பர்க் கட்டு சொல்லுது, செத்த கரடி சொல்லுது. எவன் வந்து கேட்டாலும் முந்நூத்தி இருபதுதான்.

இந்தாங்க. இந்த டப்பாவ வச்சுக்கிடுங்க. இருபது இருக்கு. காசெல்லாம் வேண்டாம், ஊருக்காரரு. உங்க கேள்விக்கு இதுதான் பதில், தைரியமாப் போட்டுக்கிட்டு ஆத்துக்குப் போங்க. எங்க, உங்க துப்பாக்கி? கொண்டு வந்திருக்கியளா? பையிலயா? குடுங்க, பாப்போம், எப்படி அடைக்கிறதுன்னு காட்டித் தாரேன். சிலிண்டர் காலியா இருக்கா? நான் ஒரு தடவ பாத்துக்கிடுதேன். காலிதான்.

இது என்ன அண்ணாச்சி, இவ்வளவு லேசா இருக்கு.

எப்ப வாங்குனிய? போன மாசமா? கடைக்காரன் குடுத்தானா, இல்ல நீங்களே கேட்டு வாங்குனியளா? இடுப்புல கனம் தெரியக்கூடாதுன்னா. ஆமா. அப்படித்தான் சொல்லுவான்.

அந்த டப்பாவ இங்க குடுங்க. குடுங்க அண்ணாச்சி. நான் குடுத்தேன்தான், இப்பத் திருப்பிக் கேக்கேன். இதுல அது வேண்டாம். கடையில போயி எடை குறைஞ்சதா வாங்குங்க, இரநூத்தி நாப்பதுக்கு மேல போகாதிய, செம்புச் சட்டை போட்டதாப் பாத்து வாங்குங்க. வாங்குனா சும்மா வச்சிருக்கப்படாது. ஆறையும் ரொப்பி, சேந்தாப்புல அஞ்சு வெடிச்சுட்டு, ஆறாவது தோட்டாவ வெளிய எடுத்துக் குண்டு நழுவியிருக்கான்னு அளந்து பாக்கணும். ஒவ்வொண்ணாப் போட்டுச் சுட்டா ஒண்ணும் தெரியாது. ஒவ்வொண்ணாப் போட்டுச் சுட்டா எல்லாம் தங்கமாத்தான் இருக்கும்.

ஏன் அப்படிப் பாக்கிய?

மாப்பிள்ளைக்கு நான் குடுத்ததும் இதே துப்பாக்கிதான். இதே கம்பெனி, இதே நீளம். நீங்க யாரோ நான் யாரோ, இன்னைக்குத்தான் உங்க மூஞ்சியப் பாக்கேன். உங்களுக்கு இதுல அதப் போட்டுக் குடுக்க எனக்குக் கை வரல அண்ணாச்சி. அவரு என் மகளக் கட்டுனவரு. கையில ரத்தம் வடிய வடிய நின்னு, கொஞ்சம் லேசாப் போட்டுத் தர முடியுமா மாமான்னு வாயத் தொறந்து கேட்டாரு. வேணும்னா வேணும்னு சொல்லத் தெரியாத மனுசன், அன்னைக்குச் சொன்னாரு.

காப்பி ஆறிப் போச்சு, வைங்க. துப்பாக்கியப் பையில போடுங்க. எனக்கு ஆத்திரமா வருது. யாரு மேலன்னு கேக்காமக் கெளம்புங்க அண்ணாச்சி.